ஐந்தொகை

பதினேழு இடம்.
முகத்தில் தொடங்கிப் பாதம் வரை
கிள்ளிப் பார்க்கிறார் டாக்டர் ஜெசிந்தா,
ஜவுளிக்கடையில் துணியின் கனம் பார்ப்பதுபோல்.
தோல் மடிந்தால் சைபர்.
மடியவே மாட்டேன் என்றால் மூன்று.
புறங்கை மூன்று. நெஞ்சு இரண்டு.
வயிறு சைபர் என்றதும்
கணக்குப் பரீட்சையில் தப்பியவள்போல் சிரித்தேன்.
இருபத்தொன்பது. அவர் காகிதத்தில் கூட்டுமுன்
நான் மனசில் கூட்டிவிட்டேன்.

செக்காலை ரோட்டில் சிமெண்ட் கடைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஈரம் பட்ட மூட்டை
யாரும் தொடாமலே உள்ளுக்குள் இறுகும்.
அதைக் கழிவில் எழுதுவோம்.

"காயத்தைப் பூச வந்த கொத்தனார்
வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை, உமையாள்.
விரிசலே இல்லாத சுவரையும்
பூசிக்கொண்டே இருக்கிறான்.
போதும்ப்பா என்று அவன் காதில் சொல்ல
ஒரு மருந்து தேடுகிறோம்."
இந்த மாத்திரைதானா அது?
"இதில் இருப்பது மருந்தா வெறும் மாவா,
எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."
கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடிக்கவே
நாலு நிமிஷம் ஆனது.
அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம். நாலு வாரத்துக்கு ஒருமுறை
முதல் பஸ். திருப்பத்தூர், மேலூர், மதுரை.
ஆஸ்பத்திரி ஏ.சி.யில் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து,
திரும்பும் பஸ்ஸின் வெக்கையில் சிவக்கும்.
குழாயில் ஊதச் சொல்லி
"இன்னும், இன்னும், விடாதீங்கக்கா" என்று கத்துவாள் ஸ்டெல்லா,
கிரிக்கெட் பார்ப்பவள்போல்.
ரேஷன் கடை மெஷினுக்கு
என் கட்டைவிரல் யாருடையது என்றே தெரியவில்லை.
கொப்புடையம்மன் முன்னால் கை கூப்பினால்
உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு எலி புகுந்து போகலாம்.
அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் கவர் வந்தது.
மருந்து எடுத்தவர்களுக்கு
நுரையீரல் இறங்கும் வேகம் குறைந்திருக்கிறது.
தோலில் சொல்லும்படி மாற்றமில்லை.
கே-பதினான்கு: மாவு.

கே-பதினான்கு நான்.
ஒரு வேளை தவறாமல் மாவு தின்றிருக்கிறேன்.
நடுவில் நாலு நாள் வயிற்றுப்போக்கு வந்தபோது
மருந்து வேலை செய்கிறது என்று
ரகசியமாகச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
மூன்றாம் நாள் மார்ச் முப்பத்தொன்று.
ஐந்தொகை நேர்பட வேண்டும்.
பற்றை ஒரு பக்கமும் வரவை ஒரு பக்கமும்
இறக்கிக்கொண்டே வந்தவள் நின்றேன்.
எங்கோ ஒருத்திக்கு
இவ்வளவு மூச்சு மிச்சம் என்று
எதோடு வைத்துப் பார்த்துச் சொன்னார்கள்?
என்னோடு.
பேர் தெரியாத அவள் வரவுக்கு
என் பக்கம் பற்று.
கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
ஆனால் தொகை நேர்பட்டது.

அடுத்த மாசத்திலிருந்து
எங்களுக்கும் அசல் மாத்திரை உண்டாம்.
"வர்றீங்களாக்கா?" போனில் ஸ்டெல்லா.
திறக்கிற அளவு வாய்க்குள்
பணியாரத்தைப் பிய்த்துப் பிய்த்து நுழைத்துக்கொண்டிருந்தேன்.
மென்று முடிக்கும்வரை
அவள் போனை வைக்கவில்லை.