துண்டு போட்ட இடம்

ஆரப்பாளையத்தில் விடிகாலை அஞ்சே கால்.
கீழ் அம்பை ஒரு தட்டுத் தட்டினார்
டைம் கீப்பர் சூசைமாணிக்கம்.
உசிலம்பட்டி வரியில் நின்ற நீலக் கட்டம்
அடுத்து நின்ற முகூர்த்த ஸ்பெஷலைத் தாண்டி
தேனி வண்டியில் போய் உட்கார்ந்தது.

"ஏப்பா, ஒன் மிசினு
ஆளப் பாத்துத்தான் வண்டி விடுதா?"

தேனிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.
ஸ்பெஷல் டிரைவர் வேட்டியை மடித்துக்கொண்டு வந்தான்.
பென்சிலால் நோட்டில் இரண்டு கோடு கிழித்து
இருவரையும் அனுப்பினார் சூசைமாணிக்கம்.
என்னை உட்காரச் சொல்லவில்லை.

எழுதியது நான்தான், ராத்திரி இரண்டு மணிக்கு.
ஒவ்வொரு வரியும் திரையில் முளைத்த கையோடு
தன் விலாசத்தை என் பட்டியலின் வாலில் செருகிவிடும்.
முளைத்த வரிசையும் நிற்கும் வரிசையும்
ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.
நள்ளிரவுக்கு மேல் நடுவில் நுழைந்த ஸ்பெஷலுக்கு
வால்தான் கிடைத்தது.
ரத்தான போடி வண்டி போன பிறகும்
ஏழாம் எண்ணில் ஒரு வெறுமை.
எங்கள் தொழிலில் அதற்கு நல் என்று பெயர்.
நல்லதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

லேப்டாப்பை மடியில் வைத்துப் பிழை தேடுகையில்
திண்டுக்கல் வண்டி உள்ளே திரும்பியது.
நிற்கும் முன்பே ஜன்னல் வழியாக
ஒரு மஞ்சள் பை, ஒரு டிபன் கேரியர்,
மூன்றாம் ஸீட்டில் ஊதாக் கரை போட்ட துண்டு.
துண்டுக்காரர் டீக்கடையில்.

"இது போகாது! அங்கிட்டு நிக்கிறதுதான் போகும்!"
கண்டக்டர் கத்தினார்.
கூட்டம் பையைப் பிடுங்கிக்கொண்டு அங்கிட்டு ஓடியது.
டீ கிளாஸை வைத்துவிட்டு அவரும் ஓடினார்.
துண்டு மட்டும் இங்கே,
யாரும் உட்காராத ஸீட்டைக்
கெட்டியாகப் பிடித்தபடி.

பட்டியலை அழித்தேன்.
வண்டி எண்ணே இனிச் சாவி.
இறங்கிப் போகும் வரி
தன் துண்டை எடுத்துக்கொண்டு போகட்டும்.
வரிசையை நான் மனசில் வைத்துக்கொள்ளப் போவதில்லை;
அம்பு அழுந்தும் அந்த நொடியில்
திரையில் நிற்பவர்களையே கேட்பேன்,
உங்களில் யாருக்கு முன்னால் யார் என்று.

"இப்பத் தட்டுங்கண்ணே."
தட்டினார். உசிலம்பட்டி. அடுத்து, பிசகாமல், ஸ்பெஷல்.
"அது போயி அரை மணி நேரமாச்சேப்பா."

நீக்கினார். நடுவில் பள்ளம் விழவில்லை.
கட்டம் பெரியகுளத்துக்கு இறங்கியது.
"ம்" என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே, போகாத திண்டுக்கல் வண்டியின்
முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான் கிளீனர்,
ஊதாக் கரைத் துண்டால்.