பங்குனி லிஸ்ட்

மழை வந்தால் ஆறு, வராவிட்டால் கிரவுண்டு.
விருதம்பட்டுப் பக்கம் பாலாறு
இந்த வருஷமும் எங்களைக் கைவிடவில்லை.
பங்குனி பிறந்ததும் வேலிமுள் வெட்டி,
மணல்மேல் செம்மண் கொட்டி, மேட்டு விரித்து
நாலு மூலையிலும் ஆணி அடித்துவிட்டார்கள்.

நான் ஆடுகிறவன் இல்லை.
பெட்ரோல் பங்கில் நைட் ஷிப்ட் முடித்து
ஆறரை மணிக்குக் கரையில் குந்திப்
பார்க்கிறவன். பன்னிரண்டு வருஷமாய்.
பார்க்கிறவனுக்கும் ஒரு லிஸ்ட் உண்டு.
பில்லு காகிதத்தின் பின்பக்கம் பதினைந்து பேர்,
அடித்து, எழுதி, மறுபடி அடித்து.

கெங்கையம்மன் சிரசுக்கு ஒரு வாரம் முன்னால்
குடியாத்தத்தில் டோர்னமெண்ட்.
லாரி ஷெட் துளசி
நேற்று டீக்கடை ஷட்டரில் ஒட்டினான், அவன் லிஸ்ட்டை.

இன்னாபா இது?
தினகர் எங்கே?
மூணு வாரம் இடது கையால் போட்டான்.
மணலில் திரும்பும் பந்து பெரிசில்லை,
அவனுக்கு மேட்டிலேயே திரும்பியது.
ஷூ கேட்டானாம், அதனால் இல்லையாம்.
சித்தூரிலிருந்து ஒருத்தன் வருகிறான்,
மேட்ச்சுக்கு எண்ணூறு, பிரியாணி தனி.
ஆறு பந்து போட்டுக் காட்டினான்:
ரெண்டு வைடு,
ஒன்று இன்னும் முள்ளுக்குள் கிடக்கிறது.
ஓப்பனிங்குக்கு மச்சான்கள் ரெண்டு பேர்.
இருவரும் கட்டை வைப்பார்கள்,
பதினைந்தாவது ஓவரில்
கல்யாண மண்டபத்தில் எழுந்திருப்பதுபோல் எழுந்திருப்பார்கள்.

ஒன்றே ஒன்றில் துளசியோடு ஒத்துப்போகிறேன்.
கீப்பர்.
ஏகாம்பரம் பேர் இல்லை.
ஆர்.என். பாளையத்து அப்ரார், பதினேழு வயசு,
அந்த இடத்தில்.

நான்தான் முதலில் சொன்னேன்.
டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன்,
டயருக்குக் காத்து பிடிக்க வந்தவனிடமெல்லாம் சொன்னேன்.
போன வருஷம் செமி பைனலில் பதினேழு பை ரன்.
நாம் தோற்றது பதினொன்றில்.
முட்டி மடங்கவில்லை அந்த ஆளுக்கு,
குந்தும்போது பழைய கேட்டு திறக்கிற சத்தம்.
இந்தப் பங்குனியில் மட்டும் விட்ட கேட்ச்
தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.
கணக்கு கணக்குதான்.

ராத்திரி பன்னிரண்டே காலுக்கு
மண்டித் தெரு லோடு இறக்கிவிட்டு வந்தார் ஏகாம்பரம்.
டிவிஎஸ்ஸில் காலிச் சாக்கு, தோளில் வெங்காயச் சருகு.
"நூறுக்குப் போடு."
"ஜீரோ பாத்துக்கங்க" என்றேன்.
பார்த்தார். மீட்டரை அல்ல.
"எவனோ நான் விட்டத எண்ணி வெச்சிருக்கானாமே,
பதினேழுன்னு."
சட்டைப் பையில் காகிதம்
திடீரென்று கனத்தது.
எண்கள் ஓடின, ஓடி நின்றன.

"பதினேழு இல்ல.
பத்தொம்பது.
ரெண்ட லெக் பைன்னு குடுத்துட்டான் அம்பயர்,
பேட்டுல படல, பேடுலயும் படல,
எனக்குத் தெரியும்."
காசைக் கொடுத்தார்.
மூன்று உதையில் வண்டி கிளம்பியது,
முட்டியைப் பிடித்துக்கொண்டு உதைத்த மூன்று உதை.

இன்று காலை கரையில்
எனக்கு முன்பே ஒருவர்,
என் கல்லுக்குப் பக்கத்துக் கல்லில்.
நான் வணக்கம் சொல்லவில்லை,
தூங்காத கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
கீழே சித்தூர்க்காரன் ஓடி வந்தான்,
லெக் சைடில் போனது.
அப்ரார் பாய்ந்தான், கிளவுசுக்கும் மணலுக்கும் நடுவே
பந்து தன் வழியில் போய்ச்சேர்ந்தது.

"ஒண்ணு" என்றார் ஏகாம்பரம்.
நான் அசையவில்லை.
"பேனா இருக்குதில்ல,
எழுது."