கோப்பை கழுவும் முறை

நவம்பரின் முதல் ஞாயிறு.
ஆலயத்தின் அடித்தளச் சமையலறையில்
கோப்பை கழுவும் முறை இன்று என்னுடையது.
கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கோப்பைகள்,
நாற்பத்தொன்று.
போன ஆண்டு அறுபது கழுவினேன்.
செத்தவர்கள் போக,
தேர்தல் பேச்சில் கோபித்துக்கொண்டு
வேறு சபைக்குப் போனவர்கள் போக
இவ்வளவு.

ஒவ்வொன்றின் அடியிலும்
திராட்சைச் சாறு ஊதா வளையமாய்க் காய்ந்திருக்கிறது.
யார் எதில் குடித்தார்கள் என்று சொல்ல முடியாது.
உதட்டுச்சாயம் இருந்தால் மட்டும்
மார்வா என்று தெரியும்.

வென்டல் கிரௌஸின் கோப்பையும்
இதற்குள்தான் எங்கோ இருக்கிறது.

போன செவ்வாய் நகரசபைக் கூட்டத்தில்
எழுந்து நின்று பேசினார் வென்டல்.
இறைச்சி ஆலைக்கு வந்தவர்களுக்கு
வீடு வாடகைக்குக் கொடுப்பவன் யாரானாலும்
உரிமத்தைப் பிடுங்குங்கள் என்றார்.
தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தார்,
ஜெபத்தில் வைப்பாரே, அதே போல.
கை தட்டினார்கள்.
நான் தட்டவில்லை.
எழுந்து பேசவும் இல்லை.
கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தேன்,
அது கையோடு வந்துவிட்டது.

எனக்கு எதிர்வீட்டில்
குவாத்தமாலாவிலிருந்து வந்த தோமாசா.
பையன் பெயர் எல்மர்.
முதலில் நான் நம்பவில்லை.
எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நான்கு எல்மர்கள்
படுத்திருக்கிறார்கள்,
நால்வரும் ஜெர்மானியர் பேரப்பிள்ளைகள்.
அவள் ஊரிலும் அது சாதாரணப் பெயராம்.
இரவு ஷிஃப்டில் எலும்பு நீக்குகிறாள்.
காலையில் திரும்பும்போது விரல்கள் மடங்காது,
கதவைத் தோளால் தள்ளித் திறப்பாள்.

அயல் என்ற சொல்லை
யார் செய்தார்களோ.
பக்கத்து வீடும் அயல்,
கடலுக்கப்பால் உள்ள நாடும் அயல்.
அயலானை நேசி என்று பிரசங்கம் கேட்டபோதெல்லாம்
நான் தோமாசாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.
அது கடினமாக இல்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.
வென்டல்தான் என் அயல்நாடு.
அவர் எல்லைக்குள் நுழைய
என்னிடம் காகிதம் எதுவும் இல்லை.

அவர் மனைவி ஆர்டித்துக்கு இடுப்பு அறுவை.
சமையல் பட்டியலில் வியாழக்கிழமைக்கு என் பெயர்.
நூடுல்ஸ் போட்ட கோழி சூப்.
உப்பை அள்ளிப் போடலாமா என்று
ஒரு கணம் நினைத்தேன்.
(கர்த்தருக்கு ஏற்கெனவே தெரியும்,
எழுதிவைப்பதில் நஷ்டமில்லை.)

கதவைத் திறந்தவர் கையில்
அவளுடைய காலுறை.
உள்ளே போய் மறுபடி மண்டியிட்டார்.
குதிகால் பகுதி மேலே வந்துவிட,
கழற்றி, திருப்பி, இன்னொரு முறை மாட்டினார்.
அவள் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்திருந்தார்,
வாங்கி வந்த முட்டையை வைப்பதுபோல்.
அன்பில்லாத மனிதராய் இருந்திருந்தால்
எனக்கு எவ்வளவு சுலபம்.

செவ்வாயன்று நீங்கள் பேசியது தவறு, வென்டல்,
என்று அவர் முதுகிடம் சொன்னேன்.
நீண்ட நேரம் பதில் இல்லை.
பிறகு,
சூப்பில் வெங்காயம் போட்டிருக்கிறாயா என்றார்,
அவளுக்கு ஆகாது.
போட்டிருக்கிறேன்.
சரி, நான் பொறுக்கி எடுத்துவிடுகிறேன்.

நாளை மறுநாள் இதே அடித்தளக் கூடத்தில்
வாக்குப்பதிவு.
காப்பி மேசையை ஓரமாய்த் தள்ளிவிட்டு
மடக்கு மறைப்புகளை நிறுத்துவார்கள்.
அவர் ஒரு வாக்கு, நான் ஒரு வாக்கு,
கூட்டிக் கழித்தால் இருவரும் வீட்டிலேயே
இருந்திருக்கலாம்.
இருந்தும் போவோம்,
நெப்ராஸ்காக் காற்றில் தலையைக் குனிந்துகொண்டு.

டிசம்பர் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன்.
மூன்று நிமிடம்.
என்ன சொல்வேன் என்று தெரியாது.
பொத்தானை இன்னும் தைக்கவில்லை.

வென்டலுக்காக ஜெபிக்கத் தொடங்கினால்
அவரைத் திருத்தித் தரச் சொல்லும்
மனுவாக மாறிவிடுகிறது.
ஆகவே இப்போதைக்குப்
பெயரை மட்டும் சொல்கிறேன்.
வென்டல்.
தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.
இன்னும் பதினெட்டுக் கோப்பைகள்.