ஆளுக்கு ரெண்டு டிக்கெட்

வியாழன் விடிய ஆறு மணிக்கு
திரவியத்தின்ர சைக்கிள் கடையில டிக்கெட்.
ஆளுக்கு ரெண்டு. சில்லறையோட வரவும்.
ரியூப் ஒட்டுற மேசைக்கு மேல
சோக்கட்டியால எழுதிக் கிடந்தது.

வளர்பிறைப் பெட்டையள் சொந்த மைதானத்தில
எல்லே விளையாடினால்
மல்லாவிச் சந்தியில பாண் வாங்க ஆள் இராது.
போன வருசம் குளக்கட்டில ஏறி நிண்டு
சும்மா பாத்தனாங்கள்.
இப்ப சுத்திவரத் தறப்பாள்,
எழுத்து மங்கின பழைய வெள்ளைத் தறப்பாள்.
ஒருகாலம் அதுக்குக் கீழதான் சமைச்சு, அதுக்குக் கீழதான் படுத்தனாங்கள்.
இப்ப அது எங்களுக்கு மறைப்பு.

நாலு மணிக்கு மாடு கறந்து
அஞ்சுக்கே போயிட்டன்.
எனக்கு முன்னால பத்தொன்பது செருப்பு,
மூண்டு செங்கல், ஒரு ஹெல்மெற்,
ஒரு தண்ணிப் போத்தல்,
அதில பேர்கூட: பவிராஜ், யோகபுரம்.
ஆக்களைத்தான் காணேல்லை.
எல்லாரும் எதிர்த் தேத்தண்ணிக் கடையில.

பால் ஏழுக்கு முன்னம் நிலையத்துக்குப் போகவேணும்.
வெய்யில் ஏறினால் பால் பொறுக்காது.
ரெண்டு கானில இருந்ததை ஒண்டில ஊத்தி
வெறுங்கானைப் போத்தலுக்குப் பின்னால வைச்சிட்டு
மிதிச்சன்.

திரும்பி வந்தால் என்ர கான் எட்டாவதாய் நிக்குது.
ஆரோ தள்ளித் தள்ளிக் கொண்டுவந்திருக்கினம்.
"நல்ல கான் அண்ணை,
இடையில புகேல்லை, சண்டை பிடிக்கேல்லை" எண்டான் ஒரு பெடியன்.

வரிசை எங்களுக்குப் புதிசில்லை.
மாவுக்கு நிண்டம், மண்ணெண்ணெய்க்கு நிண்டம்,
பேர் பதிய நிண்டம், பேர் வெட்ட நிண்டம்.
செட்டிகுளத்தில ஒரு வாளித் தண்ணிக்கு
நிண்ட நிலையில நித்திரை கொண்டவள் சுகந்தமலர்.
பின்னுக்கு நிக்கிறவன் பகிடி விட்டுச் சிரிக்கிற வரிசையில
நான் நிண்டது இதுதான் முதல் தரம்.

என்ர முறை வரேக்க திரவியம் லாச்சியைத் தட்டிக் காட்டினான்.
"ஒண்டுதான் கிடக்கு.
முன்வரிசை முழுக்க விருந்தினருக்கு எடுத்துப் போட்டாங்கள்."
பின்னுக்கு நிண்ட பவிராஜ்
நேற்றே வந்து போத்தல் வைச்சவன்,
எப்படி எனக்குப் பின்னால போனான் எண்டு
இண்டைக்கும் தெரியாது. நான் கேக்கவுமில்லை.

சனிக்கிழமை பின்னேரம்.
"நீதான் பள்ளிக்கூடத்தில அடிச்சனீ, நீ போ."
அவள் ரெண்டு தரம் வேண்டாம் எண்டாள்.
மூண்டாம் தரம் கேக்க முதலே
செருப்பைப் போட்டிட்டாள்.
வாசலில அவளின்ர கையில பிறை முத்திரை குத்தினாங்கள்.

நான் தறப்பாளுக்கு வெளியில,
சைக்கிளைச் சாத்திப்போட்டு
சத்தத்தில விளையாட்டுப் பாத்தன்.
மூங்கில் பொல்லு காத்தில வெறுமனே வீசினால் ஒரு சத்தம்,
பந்தில பட்டால் வேற.
சனம் "ஆ" எண்டால் பந்து மேல.
"ச்சா" எண்டால் ஆரோ பிடிச்சிட்டாள்.

நிறோஜினி எண்டு கத்தினது கேட்டுது.
ஒண்டு, வெறுங்காத்து.
ரெண்டு, வெறுங்காத்து.
மூண்டாவதுக்கு ஒரு சத்தமும் வரேல்லை,
எல்லாரும் மூச்சை அடக்கிப்போட்டினம்.
பிறகு தறப்பாளுக்கு மேலால,
பனைக்கும் மேலால,
வந்து விழுந்து உருண்டு
நாயுருவிப் பத்தைக்குள்ள.

எடுத்தன். சூடாய் இருந்தது,
இப்பதான் இட்ட முட்டை மாதிரி.
வாசல் பெடியன் ஓடிவந்தான்:
"பந்து உள்ள வரலாம் அண்ணை, நீங்கள் ஏலாது."
அவனிட்டக் குடுத்திருக்கலாம்.
குடுக்கேல்லை.
நாலு எட்டுப் பின்னுக்குப் போய்
மறைப்புக்கு மேலால எறிஞ்சன்.
உள்ளுக்கு ஒரு பெரிய சிரிப்பு எழும்பிச்சுது.
ஏனெண்டு விளங்கேல்லை.

இருட்டுப்பட வந்தாள்,
குரல் அடைச்சு, மூக்கில புழுதி.
"வெண்டிட்டம். ஆனால் கேளுங்கோ,
வெளியில நிண்ட ஆரோ ஒரு விசரன்
பந்தை எறிஞ்சு
பிரதம விருந்தினரின்ர தேத்தண்ணிக் கோப்பையை உடைச்சுப்போட்டான்.
எறியத் தெரியாத மனிசன்."

ஓம் எண்டன்.
அவளைப் பாரில ஏத்திக்கொண்டு மிதிச்சன்.
பின்னால கரியரில
வெறுங்கான் வீடு மட்டும் கிலுங்கிக்கொண்டு வந்தது.