முடிவுகள் ஏதும் இல்லை

ரெட்டியார்பாளையம், டயர் கடைக்கு மேல் மாடி.
தேடித் தோற்ற சொற்களைப் படிப்பது என் வேலை.

‘சோகம்’ என்றால்
நாலாயிரம் வயலின் வந்து நிற்கும்.
நேற்றிரவு யாரோ
‘அழுது முடித்துச் சோறு போடும்போது’
என்று தேடியிருக்கிறார்.
பூஜ்யம்.
பிறகு ‘அழுது சோறு’.
பிறகு ‘சோறு’ மட்டும்.
கல்யாண நாதஸ்வரம் பதினேழு காட்டியிருக்கிறோம்.

மதியம்வரை கேட்டுக்கொண்டே போனேன்.
தேங்காய்த்திட்டு லூர்துநாதன் ஏற்றிய ஒன்று,
இரண்டு நிமிடம் பத்து நொடி,
இதுவரை யாரும் வாங்கவில்லை.
அவர் வைத்த ஒரே குறிச்சொல் ‘கிடார்’.
நடுவில் விரல் தவறுகிறது,
நிறுத்தாமல் வாசிக்கிறார்.

அந்த வரியை அப்படியே
குறிச்சொல் பெட்டியில் ஒட்டினேன்.
எழுத்து வரம்பு மீறிவிட்டதாம்.
‘அழுது முடித்து’ வரைதான் பிடித்தது.

சோற்றை
அடுத்த பெட்டியில் போட்டேன்.