பதினொரு விநாடி

ஏழு நாற்பது. யீஷூன் சந்திப்பில்
மழைத் துடைப்பான் விட்டு விட்டு அசைகிறது.

வானொலியில் நசீமா:
இன்றைய விருந்தினர் தங்கவடிவேல்,
மின்தூக்கி பழுதுபார்ப்பவர்,
முப்பத்தொரு வருடம்.
ஒரு பாட்டு, ஒரு விளம்பரம்,
பிறகு சாதாரணமாய்த்தான் கேட்டார்:
உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம்
முதலில் என்ன சொல்வீர்கள்?

"பேர் கேட்பேன்" என்றார்.
"பேர் சொன்னால் மூச்சு சீராயிடும்.
ஒருமுறை தோ பாயோவில்
ஒருத்தர் சொல்லவேயில்ல..."

அப்புறம் ஒன்றுமில்லை.

நசீமா குறுக்கிடவில்லை.
பாட்டைப் போட்டு மூடவில்லை.
எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது,
அவ்வளவுதான்.

பின்னிருக்கைச் சீனப் பெண்
ஒரு காதின் கருவியைக் கழற்றினாள்.
"அங்கிள், ரேடியோ ஸ்பாயிலா?"
"இல்லை, யோசிக்கிறார்" என்றேன்.
மற்றதையும் கழற்றினாள்.

பச்சை விழுந்தும்
முன்வண்டி நகரவில்லை.
நானும் ஹாரன் அடிக்கவில்லை.
அவரும் இதே அலைவரிசையோ என்னவோ.

தொண்டையைச் செருமும் ஓசை.
"சரி, அந்தப் பாட்டைப் போடுங்கம்மா,
மழை பெய்யுதுல்ல."

எந்தப் பாட்டென்று அவர் சொல்லவில்லை.
நசீமா கேட்கவுமில்லை.

பீஷானில் கதவைத் திறந்தவள்
பாதி நனைந்தபடி நின்று
என் பேரைக் கேட்டாள்.
அவள் கைப்பேசியிலேயே இருக்கிறது அது,
வண்டி எண்ணுக்கு மேலே.
ஆனாலும் சொன்னேன்,
முழுப் பேரையும்,
அப்பா பேரோடு.