ஈரக் கழிவு

கட்டபெட்டு இலை மையத்தில்
எடை போடுவது என் வேலை.
பதினாறு வருஷம்.
சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பேன்.
ஈர நாளென்றால் நூற்றுக்குப் பத்து,
காம்பு முற்றியிருந்தால் அதற்குத் தனி.
எண் ஆடி நிற்பதற்கு முன்பே
கை கழித்து எழுதிவிடும்.

அப்படிப்பட்டவள்
குன்னூர் பெட்போர்டில், மருந்துக்கடை மாடியில்
வெறுங்காலோடு நிற்கிறேன்,
இரண்டு கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டு.

"அசையாதீங்கக்கா" என்கிறான் நவ்ஃபல்.
உடம்புக்குள் துளி மின்சாரம் போகுமாம்,
தசையில் ஓடுமாம், கொழுப்பில் திணறுமாம்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
இயந்திரத்துக்கும் தெரியவில்லை,
பிழை என்று சிவப்பாய்ச் சிணுங்குகிறது.

ஜனவரி. விடியும்போது புல்லெல்லாம் வெள்ளை.
முதல் பஸ்ஸில் வந்த பாதங்கள்
சில்லிட்டு வெடித்துக் காய்ந்து கிடக்கின்றன.
"காய்ஞ்ச கால்ல கரண்ட் ஏறாதுக்கா."
வெந்நீரில் நனைத்த துண்டைத் தரையில் விரிக்கிறான்.
ஈரம் வேண்டுமாம்.
என்னை எடைபோட
ஈரம் வேண்டுமாம்.

மூன்று மாசம்
சர்க்கரை இல்லாத டீ,
கொள்ளு, அவரை, அவித்த முட்டை,
வர்க்கி வாசனை வரும் பேக்கரியைத் தாண்டுகையில்
எதிர்ப்பக்கம் மாறி நடந்த நடை.
இத்தனைக்கும் மையத்துத் தராசு கொடுத்தது
ஒன்றரைக் கிலோ.
யாருமில்லாத நேரம் ஏறி நின்றேன்,
ஸ்வெட்டருக்கு முக்கால் கிலோ கழித்து.
அன்றைக்கு எண்பத்தொன்று நானூறு.
இன்றைக்கு எழுபத்தொன்பது தொள்ளாயிரம்.
ஒரு சாக்கின் ஈரக் கழிவுகூட இல்லை.

ஜாக்கெட் தைக்கும் தேவசகாயம் மட்டும்
டேப்பை இரண்டு முறை சுற்றினார்.
பழைய நோட்டைப் புரட்டினார்.
"போன தடவை தப்பா எழுதிட்டேன் போல"
என்று பழைய எண்ணை அடித்தார்.
இரண்டே கால் அங்குலம்.
நான் குறைந்ததை
தன் பிழையென்று ஏற்றுக்கொண்டுவிட்டார் மனுஷன்.
நானும் மறுக்கவில்லை.

சீட்டு வருகிறது,
ரேஷன் கடை ரசீது மாதிரி சுருண்டுகொண்டு.
கொழுப்பு, மூன்று கிலோ எழுநூறு குறைவு.
கொழுப்பு நீங்கலாக, இரண்டு கிலோ இருநூறு கூடுதல்.
கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன், தொழில் புத்தி.
ஒன்றரை.
தராசு பொய் சொல்லவில்லை,
முழுசாய்ச் சொல்லவில்லை.

இடது காலைவிட வலது காலில்
இருநூறு கிராம் தசை அதிகமாம்.
"ஒரே கால்ல சாஞ்சு நிப்பீங்களா?"
பதினாறு வருஷத்தை
இவனிடம் எப்படிச் சொல்வது.

கடைசிக்கு முந்தின வரி:
நீர், முப்பத்தாறு கிலோ.
"இதை எதிலே கழிக்கணும்?"
"கழிக்கவா? தண்ணியும் உடம்புதானேக்கா!"
சிரிக்கிறான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மையம் திறக்கும்போதே மஞ்சு இறங்கிவிட்டது.
முதலில் மாதியக்கா, இரண்டு சாக்கு.
ஐம்பத்திரண்டில் எண் ஆடியது.
அவள் எண்ணைப் பார்க்க மாட்டாள்,
என் பேனாவைத்தான் பார்ப்பாள்.

சாக்கைக் கழித்தேன்.
காம்பைக் கிள்ளிப் பார்த்து அதையும் கழித்தேன்.
அடுத்த கட்டத்துக்குப் போன கை
எழுதாமல் இலைக்குள் நுழைந்தது, முழங்கை வரைக்கும்.
இலைக்குள் இருக்கும் நீர் இலைதான்,
இலைமேல் இருக்கும் நீர் வானம்
என்று என்னவோ ஓடியது மனசில்.
கை நனையத்தான் செய்தது.
மஞ்சு நாள், நனையாமலா இருக்கும்.
ஆனால் பத்து இல்லை.

நூற்றுக்கு நாலு என்று எழுதினேன்.

மாதியக்கா சீட்டை வாங்கினாள்,
பல்பு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள்,
திரும்பி வந்தாள்.
"தப்பா எழுதிட்டியா?"

அடுத்த சாக்கை ஏற்றச் சொன்னேன்.
வலது காலிலிருந்து
இடது காலுக்கு மாறி நின்றேன்.